வீட்டுக் கணினியில் வேர்ட்பிரஸ்: நிறுவலில் வரும் சிக்கல்களும் தீர்வுகளும்

வேர்ட்பிரஸை வீட்டுக் கணினியில் நிறுவும்போது நான்கு மென்பொருள்கள் ஒன்றோடொன்று கைகோக்கின்றன. பிரவுசர் கேட்கும் பக்கத்தை எடுத்துத் தருவது அப்பாச்சி என்னும் வெப் சர்வர். வேர்ட்பிரஸின் நிரல்களைப் படித்து இயக்குவது பிஎச்பி. பதிவுகளையும் பக்கங்களையும் பயனர் விவரங்களையும் சேமித்து வைப்பது தரவுத்தளம். இம்மூன்றையும் நம்பி நான்காவதாக நிற்பது வேர்ட்பிரஸ். ஒன்று நின்றாலும் தளம் திறக்காது. திரையில் தெரியும் பிழை ஒன்றுதான் என்றாலும், அதன் காரணம் நான்கில் எதிலும் இருக்கலாம்.

விண்டோஸ் கணினியில் முதல் மூன்றையும் தனித்தனியே நிறுவுவது கடினம். அதனால் தொடக்கநிலையாளர்கள் பெரும்பாலும் எக்ஸாம்ப் என்னும் தொகுப்பைப் பயன்படுத்துகிறார்கள். அப்பாச்சி ஃப்ரெண்ட்ஸ் குழு 2002 முதல் வெளியிட்டுவரும் இலவசத் தொகுப்பு இது. இதில் முதலில் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் இருந்தது. 2015இல் அதன் இடத்துக்கு மரியாடிபி வந்தது. ஆனாலும் எக்ஸாம்பின் கன்ட்ரோல் பேனலில் மைஎஸ்க்யூஎல் என்ற பழைய பெயரே இன்றும் தெரிகிறது. இரண்டும் ஒரே கட்டளைகளை ஏற்பதால் வேர்ட்பிரஸுக்கு இதனால் வேறுபாடு இல்லை.

பிழை வந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது பலரின் வழக்கம். இதனால் பயன் குறைவு. காரணம் பெரும்பாலும் கணினியின் அமைப்பில் இருக்கும். மறுபடி நிறுவியதும் அதே பிழை திரும்பி வரும். காரணத்தைக் காட்டியிருக்கக்கூடிய பதிவுக்கோப்புகளும், சில வேளைகளில் எழுதி வைத்த பதிவுகளும், இதற்கிடையில் அழிந்துவிடும். எந்த அடுக்கில் பிழை என்று முதலில் கண்டறிவதே சரியான வழி.

பிழை எந்த அடுக்கில்?

மூன்று சோதனைகள் போதும். கன்ட்ரோல் பேனலில் அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல் இரண்டையும் தொடங்கிவிட்டு, அவற்றின் பெயர்கள் பச்சை நிறத்துக்கு மாறுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

முதல் சோதனையாக, பிரவுசரின் முகவரிப் பட்டையில் லோக்கல்ஹோஸ்ட் என்று மட்டும் தட்ட வேண்டும். லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கணினியையே குறிக்கும் பெயர். அதன் எண் முகவரி 127.0.0.1. எக்ஸாம்பின் வரவேற்புப் பக்கம் வந்தால் அப்பாச்சி இயங்குகிறது. அந்தப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது ஒரு பிஎச்பி கோப்பு என்பதால் பிஎச்பியும் இயங்குகிறது என்று கொள்ளலாம்.

இரண்டாவதாக, லோக்கல்ஹோஸ்ட் என்பதை அடுத்துச் சாய்கோடிட்டு பிஎச்பிமைஅட்மின் என்று தட்ட வேண்டும். தரவுத்தளத்தைப் பிரவுசர் வழியாகக் கையாளும் கருவி அது. இடப்பக்கத்தில் தரவுத்தளங்களின் பட்டியல் தெரிந்தால் தரவுத்தளமும் சரி. மூன்றாவதாக, சாய்கோட்டுக்குப் பின் தளம் இருக்கும் ஃபோல்டரின் பெயரைத் தட்ட வேண்டும். முதல் இரண்டும் சரியாகி மூன்றாவது மட்டும் தவறினால், பிழை வேர்ட்பிரஸ் கோப்புகளிலோ அதன் அமைப்புக் கோப்பிலோ இருக்கிறது.

சோதனை எங்கே தவறுகிறதோ அதற்குரிய பகுதியைக் கீழே பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். நான்கு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால், எது பிழையைத் தீர்த்தது, எது புதிய பிழையைக் கொண்டுவந்தது என்று தெரியாமல் போகும்.

அப்பாச்சி தொடங்கவில்லை

தொடங்கும் பட்டனை அழுத்தியதும் பெயர் ஒரு கணம் மஞ்சளாகிப் பிறகு அணைந்துவிட்டால், போர்ட் மோதலை முதலில் சந்தேகிக்க வேண்டும். போர்ட் என்பது ஒரே கட்டடத்தில் இருக்கும் பல வாசல்களில் ஒன்றைப் போன்றது. ஒரு வாசலை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடித்துக்கொள்ள முடியும். அப்பாச்சி சாதாரண இணைப்புக்கு 80ஆம் போர்ட்டையும் பாதுகாப்பான இணைப்புக்கு 443ஆம் போர்ட்டையும் கேட்கும். அவற்றில் ஒன்றை வேறு மென்பொருள் ஏற்கெனவே பிடித்திருந்தால் அப்பாச்சி நின்றுவிடும்.

பிடித்திருப்பது எது என்று கன்ட்ரோல் பேனலின் வலப்பக்கத்தில் உள்ள நெட்ஸ்டாட் பட்டன் காட்டும். அதில் 80, 443 ஆகிய எண்களுக்கு நேரே மென்பொருளின் பெயரும் அதன் செயல் எண்ணும் இருக்கும். செயல் எண் 4 என்றும் பெயர் சிஸ்டம் என்றும் தெரிந்தால், அது விண்டோஸின் சொந்தச் சேவை. பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் வெப் சர்வர் அங்கே இயங்கிக்கொண்டிருக்கும். விண்டோஸின் சர்வீசஸ் சாளரத்தைத் திறந்து, வேர்ல்டு வைடு வெப் பப்ளிஷிங் சர்வீஸ் என்ற வரியைக் கண்டுபிடித்து நிறுத்தி, அதன் தொடக்க வகையை மேனுவல் என்று மாற்றினால் போர்ட் விடுபடும். விஎம்வேர் போன்ற மென்பொருள்களும் இதே போர்ட்டுகளைப் பிடிப்பதுண்டு.

அந்த மென்பொருள் வேறு வேலைக்குத் தேவை என்றால் அப்பாச்சியை வேறு போர்ட்டுக்கு மாற்றலாம். பேனலில் அப்பாச்சிக்கு நேரே உள்ள கான்ஃபிக் பட்டனை அழுத்தி எச்டிடிபிடி.கான்ஃப் கோப்பைத் திறக்க வேண்டும். அதில் லிசன் 80 என்ற வரியை லிசன் 8080 என்றும், சர்வர்நேம் வரியின் முடிவில் உள்ள 80ஐ 8080 என்றும் மாற்ற வேண்டும். 443இல் மோதல் என்றால், எச்டிடிபிடி-எஸ்எஸ்எல்.கான்ஃப் கோப்பில் உள்ள 443ஐ 4433 போன்ற எண்ணாக மாற்ற வேண்டும். 80ஐ 8080 ஆக மாற்றிய பிறகு தளத்தின் முகவரியும் மாறிவிடும். லோக்கல்ஹோஸ்ட் என்ற சொல்லை அடுத்து முக்காற்புள்ளியும் 8080ம் சேர்த்தே தட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு, மாற்றம் பலிக்கவில்லை என்று நினைப்பவர்கள் பலர்.

போர்ட் மோதல் இல்லாமலும் அப்பாச்சி நிற்கலாம். விசிரன்டைம்140 என்ற டிஎல்எல் கோப்பு இல்லை என்று செய்தி வந்தால், மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரன்டைம் தொகுப்பை அந்நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கி நிறுவ வேண்டும். டிஎல்எல் கோப்பை மட்டும் தனியே தரும் தளங்களை நாடக் கூடாது. அவற்றோடு தீநிரல்களும் வரக்கூடும். எக்ஸாம்பை புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் நிறுவினால் விண்டோஸின் எழுதும் உரிமைக் கட்டுப்பாடு குறுக்கிடும். நிறுவல் நிரல் தானாகவே காட்டும் சி டிரைவின் எக்ஸாம்ப் ஃபோல்டரே நல்ல இடம்.

தரவுத்தளம் தொடங்கவில்லை

மைஎஸ்க்யூஎல் ஷட்டவுன் அன்எக்ஸ்பெக்டட்லி என்ற சிவப்பு வரி, தரவுத்தளம் எதிர்பாராமல் நின்றுவிட்டதைச் சொல்கிறது. ஏன் நின்றது என்பதைச் சொல்வதில்லை. காரணம் பதிவுக்கோப்பில் இருக்கும். பேனலில் மைஎஸ்க்யூஎல்லுக்கு நேரே உள்ள லாக்ஸ் பட்டனை அழுத்தினால் மைஎஸ்க்யூஎல்_எரர்.லாக் கோப்பு திறக்கும். அதன் கடைசி வரிகளிலிருந்து மேல்நோக்கிப் படித்து, எரர் என்ற சொல் வரும் வரியைத் தேட வேண்டும்.

3306ஆம் போர்ட்டைப் பிடிக்க முடியவில்லை என்று அந்த வரி சொன்னால், கணினியில் முன்பே நிறுவிய வேறொரு மைஎஸ்க்யூஎல் சேவை இயங்குகிறது என்று பொருள். சர்வீசஸ் சாளரத்தில் அதை நிறுத்தினால் போதும். தரவுக்கோப்பு சிதைந்துவிட்டது என்று சொன்னால், தரவுத்தளம் இயங்கும்போதே மின்சாரம் போயிருக்கும், அல்லது பேனலில் நிறுத்தாமல் கணினியை அணைத்திருப்பார்கள்.

சிதைந்த தரவுத்தளத்தை மீட்கும்போது அவசரம் கூடாது. மைஎஸ்க்யூஎல் ஃபோல்டருக்குள் டேட்டா, பேக்கப் என்று இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். டேட்டாவில் எழுதிய பதிவுகள் எல்லாம் இருக்கின்றன. பேக்கப் என்ற பெயரைப் பார்த்து அதில் பதிவுகளின் நகல் இருப்பதாக நினைக்கக் கூடாது. புதிதாக நிறுவியபோது இருந்த வெற்று நிலைதான் அதில் இருக்கிறது. மீட்கும் முறை:

1. டேட்டா ஃபோல்டர் முழுவதையும் வேறு டிரைவில் நகலெடுத்து வைக்க வேண்டும்.
2. இருக்கும் டேட்டா ஃபோல்டரின் பெயரை டேட்டா_பழையது என்று பொருள்படும்படி மாற்ற வேண்டும்.
3. பேக்கப் ஃபோல்டரை நகலெடுத்து அந்த நகலுக்கு டேட்டா என்று பெயரிட வேண்டும்.
4. பழைய ஃபோல்டரிலிருந்து தளத்தின் தரவுத்தள ஃபோல்டரை மட்டும் புதிய டேட்டாவுக்குள் நகலெடுக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல், பெர்ஃபாமன்ஸ்_ஸ்கீமா, பிஎச்பிமைஅட்மின் ஆகிய ஃபோல்டர்களைத் தொடக் கூடாது.
5. பழைய ஃபோல்டரில் உள்ள ஐபிடேட்டா1 என்ற கோப்பைப் புதியதன்மேல் நகலெடுக்க வேண்டும்.

ஐந்தாவது படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தரவுத்தளத்தின் உள் அகராதி அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் பிஎச்பிமைஅட்மினில் அட்டவணைகளின் பெயர்கள் தெரியும். திறந்தால் அட்டவணை இல்லை என்று பிழை வரும். தரவுத்தளம் மறுபடி இயங்கியதும், பிஎச்பிமைஅட்மினின் எக்ஸ்போர்ட் பகுதிக்குச் சென்று எல்லாவற்றையும் எஸ்க்யூஎல் கோப்பாக உடனே வெளியே எடுத்து வைப்பது நல்லது.

பக்கத்துக்குப் பதில் நிரல் தெரிகிறது, அல்லது 404 வருகிறது

தளத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறிகளும் நிரல் வரிகளும் திரையில் தெரிந்தால், கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறந்திருப்பார்கள். அப்போது முகவரிப் பட்டையில் முகவரி ஃபைல் என்று தொடங்கும். பிஎச்பி கோப்பைப் பிரவுசரால் நேரடியாக இயக்க முடியாது. லோக்கல்ஹோஸ்ட் வழியாகச் சென்றால்தான் அப்பாச்சி அதைப் பிஎச்பியிடம் கொடுக்கும்.

404 என்றால் கேட்ட இடத்தில் கோப்பு இல்லை. வேர்ட்பிரஸ் ஃபோல்டர் எக்ஸாம்புக்குள் இருக்கும் எச்டிடாக்ஸ் ஃபோல்டரில் இருக்க வேண்டும். ஜிப் கோப்பை விரிக்கும்போது வேர்ட்பிரஸ் ஃபோல்டருக்குள் இன்னொரு வேர்ட்பிரஸ் ஃபோல்டர் உருவாவது வழக்கமாக நேர்வது. உள்ளே இருப்பவற்றை ஒரு படி மேலே நகர்த்தினால் சரியாகும். தளத்தின் ஃபோல்டருக்கு இடைவெளி இல்லாத, சிறிய ஆங்கில எழுத்துகளாலான பெயரே பாதுகாப்பானது.

வேர்ட்பிரஸ் திறந்ததும் பிஎச்பி பதிப்பு போதாது என்று செய்தி வந்தால், எக்ஸாம்ப் தொகுப்பு பழையது. 2024இல் வந்த வேர்ட்பிரஸ் 6.6 முதல், 7.2.24க்குக் குறைந்த பிஎச்பி பதிப்பில் அது இயங்குவதில்லை. தரவுத்தளத்தையும் எச்டிடாக்ஸையும் நகலெடுத்து வைத்துவிட்டுப் புதிய எக்ஸாம்பை நிறுவ வேண்டும்.

தரவுத்தள இணைப்புப் பிழை

எரர் எஸ்டாப்ளிஷிங் எ டேட்டாபேஸ் கனெக்‌ஷன் என்ற ஒற்றை வரி, தொடக்கநிலையாளர்கள் மிகுதியாகச் சந்திக்கும் பிழை. தரவுத்தளம் இயங்குகிறது என்று முன்சொன்ன சோதனையில் உறுதியாகிவிட்டால், மீதி எல்லாம் டபிள்யூபி-கான்ஃபிக்.பிஎச்பி என்னும் அமைப்புக் கோப்பின் நான்கு வரிகளில் இருக்கிறது.

டிபி_நேம் வரியில் இருக்க வேண்டியது தரவுத்தளத்தின் பெயர். தளத்தின் பெயரோ ஃபோல்டரின் பெயரோ அல்ல. அந்தத் தரவுத்தளத்தை வேர்ட்பிரஸ் தானாக உருவாக்காது. பிஎச்பிமைஅட்மினில் முன்கூட்டியே உருவாக்கி, அதே பெயரை எழுத்துப் பிசகாமல் இங்கே தர வேண்டும். டிபி_யூசர் வரியில் ரூட் என்று இருக்க வேண்டும். டிபி_பாஸ்வேர்டு வரியில் இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவே எதுவும் இருக்கக் கூடாது. எக்ஸாம்பில் ரூட் பயனருக்குத் தொடக்கத்தில் கடவுச்சொல் கிடையாது. நடுவில் ஓர் இடைவெளி இருந்தாலும் அது கடவுச்சொல்லாகவே கருதப்படும். டிபி_ஹோஸ்ட் வரியில் லோக்கல்ஹோஸ்ட். தரவுத்தளத்தின் போர்ட்டை 3307 என்று மாற்றியிருந்தால், 127.0.0.1:3307 என்று போர்ட்டையும் சேர்த்து எழுத வேண்டும்.

வரிகள் எல்லாம் சரியாக இருந்தும் வேர்ட்பிரஸ் இந்தக் கோப்பையே காணாததுபோல் அமைப்புப் பக்கத்துக்குத் திரும்பத் திரும்பச் சென்றால், கோப்பின் பெயரைச் சோதிக்க வேண்டும். விண்டோஸ் கோப்பு வகையின் பின்னொட்டை மறைத்து வைக்கிறது. நோட்பேடில் சேமித்த கோப்பு டபிள்யூபி-கான்ஃபிக்.பிஎச்பி என்று கண்ணுக்குத் தெரியும். உண்மையில் அதன் முடிவில் டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ பட்டியலில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் முழுப்பெயர் தெரியும்.

இதே கோப்பைத் திருத்தும்போது வரும் மற்றொரு பிழை, ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட். பக்கத்தின் உள்ளடக்கத்துக்கு முன்னால் சர்வர் சில தலைப்புத் தகவல்களை அனுப்ப வேண்டும். பிஎச்பியின் தொடக்கக் குறிக்கு முன்னால் ஒரு வெற்று வரி இருந்தாலும் அது உள்ளடக்கமாக முந்திப் போய்விடும். எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் இது நடந்தது என்று பிழைச்செய்தியே சொல்கிறது. அந்த வரி எண் 1 என்று இருந்து, அங்கே வெற்றிடம் எதுவும் தெரியவில்லை என்றால், கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறி கோப்பின் தொடக்கத்தில் இருக்கிறது. நோட்பேடின் பழைய பதிப்புகள் யூடிஎஃப்-8 கோப்புகளில் இதைத் தாமாகவே சேர்த்தன. நோட்பேட்++ போன்ற எடிட்டரில் திறந்து, பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் பிழை நீங்கும்.

வெள்ளைத்திரை

நேற்றுவரை இயங்கிய தளம் இன்று வெறும் வெள்ளைத்திரையாகவோ, தளத்தில் கடும்பிழை என்ற ஒற்றை வரியாகவோ நின்றால், பெரும்பாலும் கடைசியாகச் சேர்த்த பிளகினோ (கூடுதல் வசதி தரும் நிரல்) தீமோ (தளத்தின் தோற்றத்தை அமைப்பது) காரணம். 2019இல் வந்த 5.2 பதிப்பு முதல் இத்தகைய பிழை நேரும்போது தளத்தின் நிர்வாகிக்கு வேர்ட்பிரஸ் மின்னஞ்சல் அனுப்புகிறது. வீட்டுக் கணினியில் அஞ்சல் சர்வர் அமைத்திருக்க மாட்டார்கள் என்பதால் அது வந்து சேராது. காத்திருக்காமல் நேரே கோப்புகளில் பார்க்க வேண்டும்.

டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் டபிள்யூபி_டீபக் என்பதன் மதிப்பை ட்ரூ என்று மாற்றினால், எந்தக் கோப்பின் எந்த வரியில் பிழை என்று திரையில் தெரியும். அந்தக் கோப்பின் பாதையில் பிளகின்ஸ் என்ற சொல் வந்தால், அதை அடுத்து வரும் பெயர் குற்றவாளிப் பிளகினுடையது. டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டருக்குள் சென்று அந்தப் பிளகினின் ஃபோல்டர் பெயரை மாற்றினால் அது செயலிழந்து தளம் திறக்கும். எது என்று தெரியாதபோது பிளகின்ஸ் ஃபோல்டரின் பெயரையே மாற்றி, நிர்வாகப் பகுதியின் பிளகின் பக்கத்தைத் திறந்தால் எல்லாமே நிறுத்தப்படும். பிறகு பெயரைப் பழையபடி ஆக்கி, ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்க வேண்டும். தளத்தை மறுபடி நிறுத்துவது எதுவோ அதுவே காரணம்.

அலௌட் மெமரி சைஸ் ஆஃப் 134217728 பைட்ஸ் எக்ஸாஸ்டட் என்ற செய்தியில் உள்ள எண் 128 எம்பியைக் குறிக்கிறது. பிஎச்பிக்கு ஒதுக்கிய நினைவகம் தீர்ந்துவிட்டது என்பது பொருள். பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பில் மெமரி_லிமிட் வரியை 256எம் என்று மாற்றலாம். மேக்சிமம் எக்ஸிக்யூஷன் டைம் என்ற செய்திக்கு, அதே கோப்பில் மேக்ஸ்_எக்ஸிக்யூஷன்_டைம் மதிப்பை 300 ஆக்கலாம். பெரிய கோப்புகள் ஏறாவிட்டால் அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ், போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் இரண்டையும் உயர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் உயர்த்தினால் மற்றது தடுக்கும். வரியின் தொடக்கத்தில் அரைப்புள்ளி இருந்தால் பிஎச்பி அந்த வரியைப் படிக்காது என்பதால் அதை நீக்க வேண்டும். மாற்றங்கள் எல்லாம் அப்பாச்சியை நிறுத்தித் தொடங்கிய பிறகே நடைமுறைக்கு வரும்.

முகவரி மாறிய தளம்

ஃபோல்டரின் பெயரையோ போர்ட்டையோ நிறுவலுக்குப் பிறகு மாற்றினால், தளம் வடிவம் கலைந்து வெறும் எழுத்தாகத் தெரியும், அல்லது பழைய முகவரிக்கே திருப்பிவிடும். வேர்ட்பிரஸ் தன் முழு முகவரியைத் தரவுத்தளத்தில் எழுதி வைப்பதே காரணம். பிஎச்பிமைஅட்மினில் டபிள்யூபி_ஆப்ஷன்ஸ் அட்டவணையைத் திறந்து, சைட்யூஆர்எல், ஹோம் ஆகிய இரண்டு வரிகளிலும் புதிய முகவரியை எழுத வேண்டும். முடிவில் சாய்கோடு வேண்டாம்.

கடவுச்சொல் மறந்தாலும் பிஎச்பிமைஅட்மினே உதவும். மின்னஞ்சல் செல்லாத கணினியில் கடவுச்சொல் மீட்புக் கடிதம் வராது. டபிள்யூபி_யூசர்ஸ் அட்டவணையில் யூசர்_பாஸ் கட்டத்தில் புதிய கடவுச்சொல்லை எழுதி, அதற்கு நேரே உள்ள ஃபங்ஷன் பட்டியலில் எம்டி5 என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்க வேண்டும். அதைக் கொண்டு முதன்முறை நுழைந்ததும் வேர்ட்பிரஸ் தன் வலுவான முறைக்கு அதை மாற்றிக்கொள்ளும்.

தமிழ்த் தளங்களுக்கு உரிய இரண்டு சிக்கல்கள்

தமிழில் எழுதியது கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் எழுத்துருவில் குறை தேட வேண்டாம். தரவுத்தள அட்டவணை லத்தீன்1 என்ற குறியேற்றத்தில் இருக்கிறது. புதிய நிறுவலில் இது அரிது. பழைய தளத்தின் அட்டவணைகளைக் கொண்டுவந்து சேர்க்கும்போது நேரும். தரவுத்தளத்தை உருவாக்கும்போதே யூடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேர்ட்பிரஸ் 2015இல் வந்த 4.2 பதிப்பு முதல் இந்தக் குறியேற்றத்தையே பயன்படுத்துகிறது. எழுத்துகள் கேள்விக்குறிகளாகவே சேமிக்கப்பட்டுவிட்டால் அவற்றை மீட்க வழியில்லை. மூல நகலிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். ஆகவே முதல் பதிவிலேயே சோதித்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, பதிவின் முகவரி பாதியில் வெட்டப்படுவது. தலைப்பிலிருந்து முகவரியை உருவாக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியையும் வேர்ட்பிரஸ் 9 இடங்கள் கொண்ட குறியீடாக மாற்றுகிறது. முகவரிக்கான கட்டத்தில் இருப்பவை 200 இடங்கள். ஆக, 22 குறிகளுக்கு மேல் அதில் அடங்காது. மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படுவதால், நான்கைந்து சொற்கள் கொண்ட தலைப்பே வெட்டுப்பட்டுவிடும். பதிவை வெளியிடும் முன் முகவரிக் கட்டத்தில் சுருக்கமான பெயரைக் கையால் தட்டினால் இச்சிக்கல் இல்லை.

சிக்கல் வருமுன்

கணினியை அணைக்கும் முன் பேனலில் மைஎஸ்க்யூஎல், அப்பாச்சி இரண்டையும் நிறுத்த வேண்டும். தரவுத்தளச் சிதைவுகளில் பெரும்பகுதியை இந்த ஒரு பழக்கமே தடுத்துவிடும். எக்ஸாம்ப் கற்பதற்கும் சோதிப்பதற்கும் உருவானது. ரூட் பயனருக்குக் கடவுச்சொல்லே இல்லாத இந்த அமைப்பை இணையத்தில் பிறர் பார்க்கும்படி திறந்துவிடக் கூடாது.

தளத்தின் முழு நகல் இரண்டு பகுதிகளால் ஆனது: எச்டிடாக்ஸில் உள்ள தளத்தின் ஃபோல்டர், பிஎச்பிமைஅட்மினிலிருந்து எடுத்த எஸ்க்யூஎல் கோப்பு. படங்களும் தீமும் முதலாவதில் இருக்கின்றன. எழுத்து முழுவதும் இரண்டாவதில் இருக்கிறது. ஃபோல்டரை மட்டும் நகலெடுத்தால் எழுதியவை காப்பாற்றப்படுவதில்லை. வாரத்துக்கு ஒருமுறை இரண்டையும் வேறு டிரைவில் எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு பிளகினையும் புதுப்பிக்கும் முன்பும் இதைச் செய்ய வேண்டும்.